உலகைப் படைத்தவர் யார்?
(லோக சொரூபம் பற்றிய ஒரு பாடம்)

பெரம்பூர் போன்ற நகர்ப்பகுதிகளில் வளரும் நம் பிள்ளைகள் ஒரே வினாவிற்கு மூன்று விடைகளைக் கேட்கின்றனர். பெருவெடிப்பினின்று அண்டம் விரிந்தது என்கிறார் அறிவியல் ஆசிரியர். இறைவன் படைத்தான் என்கின்றனர் அண்டை வீட்டார். உலகம் அநாதி, அதனைப் படைத்தவர் எவருமிலர் என்கிறோம் நாம். இவற்றுள் எது மெய் என்று பிள்ளை வினவுங்கால் வாயடைத்தல் தகாது. ஐயமின்மை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவதாகும். ஐயத்தை அடக்கி அதனைப் பெற இயலாது; தெளிவித்தே பெறல் வேண்டும்.

அறுவகைப் பொருள்கள்

உலகம் என்பது ஆறு திரவியங்களின் தொகுதி: உயிர், புற்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம். இங்குத் தர்மம் என்பது அறத்தைக் குறிப்பதன்று. இயங்கும் பொருளின் இயக்கத்திற்குத் துணை நிற்கும் திரவியமாகும். அதர்மம், நிற்கும் பொருளின் நிலைபேற்றுக்குத் துணையாவது. மீனுக்கு நீரும் வழிப்போக்கனுக்கு மரநிழலும் உவமை கூறுவது நம் மரபு. பெரம்பூர்ப் பிள்ளைக்குத் தண்டவாளத்தையும் காட்டலாம். அது பெட்டியைத் தள்ளுவதில்லை. ஓடும் பெட்டிக்குத் துணை நிற்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் நிகண்டவாதி இப்பொருள்களை எடுத்துரைப்பதால், இக்கொள்கை தமிழகத்தில் எத்துணைப் பழமையானது என்பது விளங்கும்.

தோற்றம், அழிவு, நிலைபேறு

பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பெற்ற ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் இரயில் பெட்டிகள் உருவாகின்றன. பெட்டிக்குச் செய்தவர் உண்டு, ஆதலால் உலகிற்கும் செய்தவர் உண்டு என்பர் சிலர். சற்று நுணுகி நோக்குவோம். தொழிலாளர் எஃகை இன்மையிலிருந்து தோற்றுவிக்கவில்லை. தகடு என்னும் நிலை நீங்கிற்று; பெட்டி என்னும் நிலை தோன்றிற்று; எஃகு நிலைத்தது. அவ்வெஃகும் முன்னர் மண்ணில் கனிமமாய் இருந்தது. பெட்டி முதிர்ந்தபின் பழைய இரும்பாய் உருக்கப்படும். இவ்வனைத்து மாற்றங்களினூடும் புற்கலம் அழிவதில்லை. உள்பொருளுக்குத் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் உண்டெனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் விளக்கியது இதனையே. செய்தவன் உண்டு என்னும் வாதம் வடிவத்திற்குப் பொருந்துமேயன்றி மூலப்பொருளுக்குப் பொருந்தாது.

ஒன்பதாம் நூற்றாண்டினரான ஜினசேனாசாரியரும் ஆதிபுராணத்தில் படைப்புக் கொள்கையை மறுத்துள்ளார். உலகிற்குப் படைத்தவன் வேண்டுமெனில் அவனுக்கும் ஒருவன் வேண்டாவோ? குறைவற்றவனுக்குப் படைக்கும் விருப்பம் எங்ஙனம் எழும்? அருளால் படைத்தான் எனின் உலகில் துன்பம் ஏன்? இவை பிறர் நம்பிக்கையை எள்ளுதற்கு அல்ல. நாம் தெளிவு பெறுதற்கு உரிய வினாக்கள்.

அறிவியல் கூறுவது யாது?

விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகுவதையும், தொலைவு மிகுமளவு விலகும் விரைவும் மிகுவதையும் ஹபிள் 1929இல் காட்டினார். அண்டம் விரிகிறது என்னும் கருத்தை லெமைத்ர் 1927இலேயே கூறியிருந்தார். விரிவு தொடங்கி ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பது இன்றைய கணிப்பு.

அண்டத்திற்குத் தொடக்கமே இல்லை என்னும் நிலைத்த நிலைக் கொள்கையை ஹாயில், பாண்டி, கோல்டு ஆகியோர் 1948இல் வெளியிட்டனர். அது நமக்கு உகந்ததாகத் தோன்றும். எனினும், பென்சியாசும் வில்சனும் 1965இல் அறிவித்த நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு பெருவெடிப்புக் கொள்கைக்கே வலுச்சேர்த்தது. நம் நாட்டு அறிஞர் நார்லிகர், ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் 1993இல் அக்கொள்கையைத் திருத்தி வெளியிட்டபோதும், பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நம் கொள்கைக்கு இணக்கமானது என்பதற்காகவே ஒன்றை மெய்யெனக் கொள்ளுதல் நன்ஞானம் ஆகாது.

அவ்வாறாயின் முரண்பாடு உண்டோ? பெருவெடிப்புக் கொள்கை இன்மையிலிருந்து உண்மை பிறந்தது என்று நிறுவவில்லை. மிக்க வெப்பமும் அடர்த்தியும் உடைய ஒரு நிலையிலிருந்து அண்டம் விரிந்ததையே அது விளக்குகிறது. அதற்கு முன் யாது என்பது இன்னும் முடிவாகாத வினா. நயங்களின் வழி நோக்கின், பரியாய நயத்தால் இவ்விரிவுக்குத் தொடக்கம் உண்டு. திரவிய நயத்தால் பொருளுக்குத் தொடக்கம் இல்லை. இது நம் நெறிநின்று கொள்ளும் பொருத்தமேயன்றி, அறிவியல் நம் ஆகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்பதன்று.

அளவைகள் குறித்து

பதினான்கு ரஜ்ஜு உயரமுடைய லோகம், அதனைச் சூழ்ந்த மூன்று வாத வலயங்கள், இலட்சம் யோசனை விட்டமுடைய ஜம்பூத்வீபம் ஆகியன வானியலார் அளவைகளோடு ஒத்துவருவன அல்ல. இதனைப் பிள்ளைகளிடம் மறைத்தலும் வேண்டா. வலிந்து பொருத்திக் காட்டுதலும் வேண்டா. லோகத்தை எண்ணுதல் பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளுள் ஒன்று. இத்துணைப் பரந்த உலகில் எண்ணற்ற பிறவிகளில் உழன்ற உயிர் இனியேனும் கரையேற வேண்டும் என்னும் சிந்தனையே அப்பாவனையின் பயன்.

படைத்தவன் இல்லையெனின் பொறுப்பு நம்முடையதாகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனும் பறவையும் துன்புற்றன, மீனவர் பிழைப்பும் கெட்டது. நிலமும் நீரும் ஓரறிவுயிர்க்கு உடலென அறிந்த நாம், அவற்றைச் சீர்செய்யப் படைத்தவன் வருவான் என்று காத்திருத்தல் இயலாது. நம் வினைக்கு நாமே பொறுப்பு.

இல்லத்தில் சிந்திக்க:

1. எரியும் விளக்கில் எண்ணெய் குறைகிறது. அழிந்தது எது? நிலைத்தது எது?
2. தர்ம திரவியத்திற்கு உங்கள் தெருவிலிருந்து ஓர் உவமை கூறுக.
3. படைத்தவன் இல்லாத உலகில் அறம் செய்வது எதன் பொருட்டு?

மூன்றாவது வினாவிற்குப் பிள்ளைகள் கூறும் விடையைப் பெற்றோர் குறுக்கிடாது முழுதும் கேட்பாராக.

வாழ்க ஜினதருமம்!