அடையாறு ஆலமரமும் ஊர்ப் பொதுத் தோப்பும்

ஊருக்கொரு பொதுத் தோப்பு இருத்தல் நம் நாட்டின் பழைய வழக்கம். ஐயனார் கோயிற்காடு, ஏரிக்கரைப் பனந்தோப்பு, மந்தைவெளிப் புளியந்தோப்பு என அவை பல பெயர்களில் வழங்கி வந்தன. இன்று அவற்றுட் பல சுருங்கிவிட்டன. வெட்டியவர் சிலர், வளைத்துக்கொண்டவர் சிலர். ஆயினும் ஊரார் அவற்றின் பக்கம் நடவாமற் போனதும் ஒரு பெருங்காரணமாகும். மக்கள் நாள்தோறும் நடமாடும் நிலத்தில் வேலியை நகர்த்துவது எளிதன்று. ஆகவே, தோப்பைக் காக்க விரும்பும் பஞ்சாயத்து அதனுள் அடையாளமிட்ட நடைபாதை ஒன்றை அமைத்தல் நலம். இதற்குப் பாடம் கற்பிக்கவல்ல பழைய தோட்டங்கள் இரண்டு சென்னையின் தென்பகுதியில் உள்ளன.

ஹட்டில்ஸ்டன் தோட்டம்

அடையாற்றின் தென்கரையில், ஆறு கடலோடு கலக்குமிடத்தை ஒட்டி, ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற மாளிகைத் தோட்டம் இருந்தது. 1882-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் அதனைப் பிரம்மஞான சபைக்காக வாங்கினர். அப்பொழுது அதன் பரப்பு ஏறத்தாழ 27 ஏக்கர். பின்னர் அடுத்திருந்த நிலங்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு, இன்று அது ஏறக்குறைய 260 ஏக்கர் பரப்புடைய சோலையாக விளங்குகிறது. சுற்றிலும் நகரம் நெருங்கிய பின்னும் சோலை சோலையாகவே நிற்கிறது. நிழற்பாதைகளின் வழியே நடந்தால் இந்துக் கோயில், பௌத்த ஆலயம், மசூதி, கிறிஸ்தவ ஆலயம் ஆகிய யாவற்றையும் ஒரே தோட்டத்திற் காணலாம்.

அங்குள்ள பெரிய ஆலமரம் நானூறு ஆண்டுகளைக் கடந்தது என மதிப்பிடப்படுகிறது. 1989-ல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆயினும் மரம் மடியவில்லை. விழுதுகள் தாங்க, இன்றும் பரந்து நிற்கிறது. கல்கத்தாவை அடுத்த ஹவுராத் தாவரத் தோட்டத்திலும் இவ்வாறே 1925-ல் நோயுற்ற தாய்மரம் நீக்கப்பட்டது; அந்த ஆலமரமும் விழுதுகளாலேயே வாழ்கிறது.

இதில் நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. விழுது மண்ணைத் தொட்டு வேரூன்றிய பின்னரே தூணாகிறது. அதற்கு முன் பிள்ளைகள் தொங்கினாலும், ஆடுகள் நுனியைக் கடித்தாலும் வளர்ச்சி தடைப்படும். மரத்தடியில் பலர் மிதிப்பதால் மண் இறுகி, நீரும் காற்றும் வேருக்குச் செல்லா. ஆகவே மரத்தைக் காண வருவோரை ஒரு பாதையில் நடத்துவது கட்டுப்பாடு மட்டுமன்று. மரத்துக்குச் செய்யும் வைத்தியமுமாகும்.

கிண்டி தரும் பாடம்

கிண்டிக் காடு கவர்னரின் கிராமப்புற மாளிகையைச் சார்ந்த நிலமாக இருந்தது. அதில் ஒரு பகுதி 1958-ல் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1978-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கு புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. வெளிமானுக்கு வேண்டியது அடர்ந்த காடு அன்று, திறந்த புல்வெளி. வெறும் புல்தரையென்று எண்ணி அங்கெல்லாம் மரம் நட்டால் அதற்கு வாழ்விடம் குறையும். நம் மேய்ச்சல் நிலங்களுக்கும் இது பொருந்தும். எல்லா இடத்திலும் மரம் நடவேண்டுவதில்லை. எல்லா இடத்திலும் பாதை போடவும் வேண்டுவதில்லை.

பாதை அமைக்கும் முறை

1. முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, நில அளவர் மூலம் எல்லைக் கற்களை உறுதி செய்க. பாதையின் ஒரு பகுதியேனும் எல்லையை ஒட்டிச் செல்லுதல் வேண்டும். கல் பெயர்ந்தால் அடுத்த நாளே ஊர் அறியும்.

2. மக்களும் மாடுகளும் ஏற்கெனவே நடந்த தடமே பெரும்பாலும் நல்ல தடம். நான்கு அடி அகலம் போதும். மரம் குறுக்கிட்டால் பாதை வளையட்டும். சிமெண்டு வேண்டா; கிராவல் மண் பரப்பி, மழைநீர் ஒருபுறம் வடியச் சரிவு கொடுத்தால் போதுமானது.

3. பாதை பிரியுமிடந்தோறும் கல் நட்டு, சுண்ணாம்பு பூசி, எண்ணும் அம்புக்குறியும் எழுதுக. பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்டுதல் கூடாது. ஆணி துளைத்த புண் வழியே அழுகல் புகும்.

4. மரங்களின் பெயரை ஊரில் வழங்கும் சொல்லாலேயே எழுதுக. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தயாரிக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்கு உதவும். பெரியோர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும்.

5. தோப்பில் ஒரு பங்கை மனிதர் நடவாத பகுதியாக விடுக. பறவைகள் கூடு கட்டவும் விதைகள் தாமே முளைக்கவும் அவ்விடம் பயன்படும்.

6. புது நடவுக்கு வேம்பு, புங்கம், நாவல், பூவரசு, பனை முதலிய நம் மரங்களையே தேர்ந்தெடுக்க. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அழகுக்காக நட்ட அயல்நாட்டு மரங்களே அவற்றுள் மிகுதி.

பராமரிப்பு

பாதை போடுவது ஒரு மாத வேலை. காப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, அரிப்பு, விழுந்த கிளை, பெயர்ந்த கல் ஆகியவற்றைக் குறித்து, ஜனவரி 26 கிராம சபையில் படிக்க வேண்டும். பொறுப்பாளர் இன்னார் என்று தீர்மானத்தில் பெயர் குறித்தல் அவசியம். எல்லோருக்கும் பொதுவான வேலை ஒருவரும் செய்யாத வேலையாகிவிடும்.

தாய்மரம் சாய்ந்த பின்னும் அடையாற்று ஆலமரம் நிற்பதற்குக் காரணம், அதனைத் தாங்க விழுதுகள் பல இருந்தமையே. ஒரு தலைவரின் ஆர்வத்தால் மட்டும் நிற்கும் தோப்பு அவர் பதவிக்காலத்தோடு போய்விடும். ஊரார் நாள்தோறும் நடந்து, பெயர் சொல்லி அறிந்த தோப்போ அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். வரும் கிராம சபையிலேயே இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவருவது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.