பொதியும் சாக்கும்

கல்முனைக்கு மேற்கேயுள்ள வயல்களிற் சூடு மிதித்துப் பொலி அள்ளுங்காலத்து, நெல்லைக் கண்டபின் அதற்கேற்பச் சாக்குத் தைப்பார் எவருமிலர். ஒரே அளவான சாக்குகளை முன்னரே அடுக்கி வைப்பர். வலையமைப்பில் விரைந்தோடும் தரவுப் பொதிகளைப் பிடித்து ஆராயும் மென்பொருள்களும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றன.

காரணம் எளிது. விநாடிக்கு 10 கிகாபிற்று வேகமுள்ள ஈதர்நெற் இணைப்பில் மிகச்சிறிய பொதி 64 பைற்று. இடைவெளி முதலியன சேர 84 பைற்று. கணக்கிட்டால், விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 49 இலட்சம் பொதிகள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நனோவிநாடியே. அப்பொழுதிற் புதிதாக நினைவிடம் ஒதுக்குதல் அரிது. ஆதலின், பீசாப் பல்கலைக்கழகத்து லூயிஜி றிட்சோ ஆக்கிய நெற்மப் முதலியவற்றில் இடையகங்கள் எனப்படும் நினைவிடங்கள் முன்பே ஒதுக்கப்படுகின்றன. நெற்மப்பில் ஓர் இடையகத்தின் வழக்கமான அளவு 2048 பைற்று.

வழக்கமான ஈதர்நெற் பொதியோ 1500 பைற்றுத் தரவும் 14 பைற்றுத் தலைப்புமாக 1514 பைற்று, இடையகத்துள் அடங்கும். அதனின் மிக்க பொதி வரின் இடர் தோன்றும். மென்பொருளுக்கேற்ப அப்பொதி துண்டிக்கப்படலாம், கைவிடப்படலாம், பல இடையகங்களிற் பகிரப்படலாம். பழுதை அறியும் முறை வருமாறு:

முதலாவது, பிடித்த கோப்பைப் பார்க்க. பீகப் வகைக் கோப்பில் ஒவ்வொரு பொதிக்கும் பிடித்த நீளமும் உண்மை நீளமும் எனும் இரண்டும் பதியப்படும். முன்னது குறைவாயின், பிடிக்கும் நீளத்துக்கு இட்ட எல்லையே பெரும்பாலும் காரணம். முற்காலத்து ரீசீபீடம்ப் மென்பொருள் தானாகப் பிடித்தது 68 பைற்று மாத்திரமே. இக்காலத்தில் அவ்வெல்லை 262144 பைற்று.

இரண்டாவது, உண்மை நீளமே இணைப்பின் எல்லையை விஞ்சுகின்றதா என்க. கம்பியில் 1500 பைற்றாக வந்தவற்றை வலையட்டையோ இயங்குதளமோ ஒன்றிணைத்து, 64 கிலோபைற்று வரையான ஒரே பொதியாகக் காட்டுதல் உண்டு. ஈத்ரூல் கட்டளையால் ஜீஆர்ஓ, எல்ஆர்ஓ என்னும் வசதிகளை நிறுத்துக. அனுப்பும் கணினியிலேயே பிடிப்பதாயின் ரீஎஸ்ஓவையும் நிறுத்துக.

மூன்றாவது, இணைப்பின் எல்லை உண்மையாகவே 9000 பைற்றாயின், இடையகத்தைப் பெருக்குக. ஆனால் 2048 பைற்றை 16384 ஆக்கின் நினைவகச் செலவு எட்டு மடங்காகும்.

ஒருபோதில் ஒன்றையே மாற்றி, அளவறிந்த பொதியால் ஒவ்வொரு முறையுஞ் சோதிக்க. பிங் கட்டளையில் 1472 பைற்று அனுப்பின், 28 பைற்றுத் தலைப்புகளுடன் 1500 நிரம்பும்.

இஃது அற்பமான கணக்கன்று. ஊடுருவலைக் கண்காணிக்குங் கருவி, வெட்டுண்ட பகுதியிலுள்ள தீங்கைக் காணாமலே “யாதுமில்லை” என்று கூறிவிடும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இத்துறை பயிலும் நம் இளைஞர், உரியோர் அனுமதியுடன் இதனைச் செய்துபார்த்தல் நன்று. சாக்கின் அளவை அறியாதவன் விளைச்சலின் அளவைக் கூறத் தகுந்தவனல்லன்.