காணி உடன்படிக்கையில் பிழை வந்தால்: ஊர் நம்புவதும் சட்டம் சொல்வதும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதியில், லுணுகலை டவுனைச் சுற்றிப் பத்துப் பேர்ச்சஸ், பன்னிரண்டு பேர்ச்சஸ் என்று காணித் துண்டுகள் விலைக்கு வருகின்றன. வாங்க வருகிறவர்களில் பலர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்த ஈ.பி.எஃப். காசு, சேவைக்காலப் பணம், வெளிநாட்டுக்குப் போன பிள்ளை அனுப்பியது, அடகு வைத்த நகை என்று எல்லாவற்றையும் திரட்டித்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் உழைத்த குடும்பம் முதல் தடவையாகத் தன் பெயரில் எழுதப்போகும் காணி அது. அந்த உடன்படிக்கையில் பெயரோ அளவோ எல்லையோ பிழைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஊரில் நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்கிறார்கள். அவற்றில் சில, பிழையை விடப் பெரிய சேதத்தை உண்டாக்கக்கூடியவை.

நம்பிக்கை: "முத்திரை ஒட்டி, ஜே.பி. கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அதுவே அக்ரிமென்ட்தான்."

இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 2ஆம் பிரிவு, காணியை விற்கும் உறுதிக்கு மட்டுமல்ல, விற்பதாகக் கொடுக்கும் வாக்குக்கும் செய்யும் உடன்படிக்கைக்கும் ஒரே நிபந்தனையை வைக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசும் சாட்சிகளும் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கடதாசியை வைத்துக் காணியை எழுதித் தரும்படி வழக்காட முடியாது. சமாதான நீதவானின் முத்திரை நொத்தாரிசின் அத்தாட்சிக்கு ஈடாகாது. கிராம சேவகரின் கையெழுத்தும் அப்படித்தான்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், குடியேறியும் விட்டோம் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். காசு கைமாறியதும் வேலி அடைத்ததும் அந்தக் கடதாசியை உடன்படிக்கை ஆக்கிவிடாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், அதையும் மூன்று வருடத்துக்குள் செய்வதே பாதுகாப்பு. காணியைக் கேட்க முடியாது. ஆகவே இப்படிப்பட்ட கடதாசி கையில் இருப்பவர் அதிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்த அலைய வேண்டாம். விற்பவரோடு மனத்தாங்கல் வருவதற்கு முன்னால், முழு உடன்படிக்கையையும் நொத்தாரிசிடம் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: "பிழையை வெட்டி, சரியானதை மேலே எழுதி, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் சரி."

கையெழுத்து இடுவதற்கு முன்னால் என்றால் இது சரிதான். வெட்டியதையும் இடையில் சேர்த்ததையும் நொத்தாரிசு தன் அத்தாட்சிக் குறிப்பில் எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரி என்று எழுதிவிடுவார். கையெழுத்து முடிந்த பிறகு அதே வேலையைச் செய்தால் அது ஆவணத்தில் கைவைப்பதாகிவிடும்.

காரணம் எளிது. நீங்கள் வீட்டில் பத்திரப்படுத்தும் மூலப்பிரதி ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி, ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இன்னொரு பிரதி காணிப் பதிவாளருக்குப் போய்விடும். உங்கள் கையிலிருப்பதில் வைட்னர் பூசினால் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம், நாளைக்கு வழக்கில் உங்களைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்கும்.

சரியான வழி திருத்த உறுதி. முந்திய உடன்படிக்கையின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், பிழையான வரி, அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் சொல்லி, முதலில் கையெழுத்திட்ட அதே தரப்பினர் மறுபடி நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். பிறகு அதைப் பதிய வேண்டும். முதல் ஆவணத்துக்கு எவ்வளவு சடங்கோ, அதைத் திருத்தும் ஆவணத்துக்கும் அவ்வளவு சடங்கு. விற்பவரும் வாங்குபவரும் நல்ல முகத்தோடு இருக்கும்போது ஒரு காலையில் முடிகிற வேலை இது. விற்பவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரையும் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டிவரும்.

நம்பிக்கை: "சத்தியக்கடதாசி ஒன்று முடித்தால் எல்லாம் தீரும்."

இந்த நம்பிக்கை மலையகத்தில் ஆழமாக வேர்விட்டதற்கு நியாயம் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள ஒலிப்புக்கு ஏற்ப மாறிய பெயர், தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது பெயர் என்று வாழ்கிறவர்கள் எங்கள் ஆட்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு கடதாசிக்கும் வரிசையில் நின்று, எழுதுகிறவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதவிட்டு வந்திருக்கிறோம். "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் கொண்டவர் நான் ஒருவரே" என்று சத்தியம் செய்து எத்தனையோ காரியம் முடித்திருக்கிறோம்.

அந்தச் சத்தியக்கடதாசி ஆளை அடையாளம் காட்ட உதவும். காணியை அடையாளம் காட்டாது. துண்டு இலக்கம், எல்லை, அளவு, விலை, தவணைத் திகதி ஆகியவற்றில் வந்த பிழையை ஒருவர் தனியாகச் செய்யும் சத்தியம் மாற்ற முடியாது, ஏனென்றால் அது இரண்டு பேரின் உடன்படிக்கை. பெயர்ப் பிழையிலும்கூட, கடைசி உறுதி எழுதும்போது அடையாள அட்டை இலக்கத்தோடு இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிடுவதே பிள்ளைகளுக்கு நல்லது.

நம்பிக்கை: "அளவு பிழைத்துவிட்டால் உடன்படிக்கை முழுவதுமே செல்லாது."

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளானில் அளவு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்று மூன்று நிரலில் வரும். ஒரு ஏக்கர் 4 ரூட், ஒரு ரூட் 40 பேர்ச்சஸ். பன்னிரண்டு பேர்ச்சஸ் காணியை 0-0-12 என்று எழுத வேண்டிய இடத்தில் 0-12-0 என்று அடித்துவிட்டால் அது 480 பேர்ச்சஸ், அதாவது மூன்று ஏக்கர். யாரும் மூன்று ஏக்கருக்கு உரிமை கோரமாட்டார்கள், ஆனால் வங்கி அந்த உறுதியை வைத்துக் கடன் தராது.

காணி எது என்பது எல்லைகளாலும் பிளானாலும் தெளிவாக இருந்தால், அளவில் மட்டும் உள்ள முரண்பாட்டைத் தவறான விவரிப்பு என்று ஒதுக்கிவிட்டு உடன்படிக்கையை நிலைநிறுத்துவது இலங்கை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்ற கொள்கை. ஊவாவில் சிக்கல் எல்லைகளிலேயே இருக்கிறது. இங்குள்ள பழைய உறுதிகளில் அளவு பேர்ச்சஸில் இராது. இத்தனை லாஹ குரக்கன் விதைப்புக் காணி என்று இருக்கும். எல்லைகள் வடக்கே கல்வேலி, கிழக்கே எல (ஓடை), தெற்கே இன்னாருடைய தோட்டம் என்று போகும். அந்த இன்னார் எப்போதோ இறந்துவிட்டார், கல்வேலி மண்சரிவோடு போய்விட்டது. அந்த விவரணையை அப்படியே புதிய உடன்படிக்கையில் பார்த்து எழுதுவது, பழைய பிழைக்குப் புதுத் திகதி போடுவதுதான். பதிவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அந்தப் பிளானின் இலக்கத்தையும் திகதியையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். பேர்ச்சஸ் கணக்கில் விலை பேசியிருந்தால், ஒரு பேர்ச்சஸுக்கு இவ்வளவு, மொத்த விலை புதிய பிளானில் வரும் அளவுப்படி என்று எழுதிக்கொண்டால் பிற்பாடு குறைந்தாலும் கூடினாலும் சண்டை வராது.

இன்னொன்றையும் பாருங்கள். விற்பவருக்கு உள்ளது பிரிக்கப்படாத பங்கு மட்டுமா? அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பொதுவான காணியில் ஒருவர் வீதியோரத் துண்டைக் காட்டி விற்றால், அது எழுத்துப் பிழை அல்ல. மற்ற மூவரும் சேர்ந்து கையெழுத்திடாமல் எந்தத் திருத்த உறுதியும் அந்தத் துண்டை உங்களுக்குத் தராது.

நம்பிக்கை: "தமிழ்நாட்டு வக்கீல் யூடியூபில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்."

அவர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. அங்கே பிழைத்திருத்தல் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறார்கள். இங்கே சார்பதிவாளர் என்ற முறையே கிடையாது. எழுதி அத்தாட்சிப்படுத்துவது நொத்தாரிசு, பதிவது காணிப் பதிவகம். சட்டமும் வேறு.

நம்பிக்கை: "கடைசி உறுதியைத்தான் பதிய வேண்டும். உடன்படிக்கையைப் பதிவது வீண் செலவு."

அட்வான்ஸ் வாங்கியவர் அதே காணியை இன்னொருவருக்குக் கூடிய விலைக்கு எழுதிக் கொடுப்பது நடக்கிறது. அப்படி வாங்கியவர், உங்கள் உடன்படிக்கையைத் தெரிந்தே வாங்கியிருந்தால், அதை நிறைவேற்றும் அளவுக்கு அந்தக் காணியை உங்களுக்காகவே வைத்திருக்க வேண்டும் என்று 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 93ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அசையாச் சொத்து என்றால், அவர் வாங்குவதற்கு முன்பே உங்கள் உடன்படிக்கை பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பதிந்தால் மட்டும் போதாது, சரியான ஏட்டுப் பக்கத்தில் பதிந்திருக்க வேண்டும். காணியின் பெயரோ கிராமமோ பிழையாக இருந்தால் அது வேறொரு பக்கத்தில் போய் விழும். அதே காணியைத் தேடுகிறவர் கண்ணில் உங்கள் பதிவு படாது, முன்னுரிமையும் போய்விடும். பதுளைக் காணிப் பதிவகத்தில் அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்து, விற்பவரின் உறுதி பதிந்த பக்கத்தோடு சேர்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பதிவாளர் பதிந்துவிட்டால் உரித்தும் சரி என்று அர்த்தமில்லை. அவர் ஆவணத்தைப் பதிகிறார், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

நம்பிக்கை: "எந்தப் பிழையையும் பிறகு திருத்திக்கொள்ளலாம்."

திருத்தவே முடியாத பிழை ஒன்று உண்டு. விற்க முடியாததை வாங்குவதுதான் அது. எங்கள் பகுதியில் அதிகம் பேர் ஏமாறும் இடமும் இதுதான்.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகையும் கிடைத்தது. மண் அரசாங்கத்துடையதாகவே இருக்கிறது. அடாவத்தையோ ஹொப்டனோ மடுல்சீமையோ, எந்தத் தோட்டமானாலும், உறுதி வழங்கப்படாத லயக் காம்பராவையும் அதை ஒட்டிய மரக்கறித் தோட்டத்தையும் அங்கே குடியிருப்பவர் விற்க முடியாது. மூன்று தலைமுறை அங்கே இருந்தாலும் அப்படித்தான். இது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் இருக்கும் சட்டம் இதுதான். அதற்குக் காசு கொடுத்து எழுதும் கடதாசியில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும் அதன் மதிப்பு பூச்சியம்.

டவுனுக்கு வெளியே விலைக்கு வரும் காணிகளில் கணிசமானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளதை விற்கவே முடியாது. ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்புப் பத்திரம் உள்ளதைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதியோடுதான் கைமாற்றலாம். அனுமதி இல்லாமல் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. "காசைக் கொடுங்கள், அனுமதி பிறகு எடுக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்பிக்கை: "விற்பவர் மறுத்துவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது."

மாவட்ட நீதிமன்றத்தில் திருத்தம் கேட்டு வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் புதிய பேரம் ஒன்றை உங்களுக்காக எழுதாது. இரண்டு பேரும் மனதில் ஒரே காணியை, ஒரே விலையை நினைத்திருந்து, எழுதும்போது மட்டும் பிழைத்தது என்று காட்ட வேண்டும். நான் நினைத்தது வேறு, அவர் நினைத்தது வேறு என்றால் அது திருத்த வழக்கல்ல. எழுத்திலுள்ள உடன்படிக்கைக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியத்தைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள், ஆனால் மோசடி, தவறு ஆகியவற்றை நிரூபிக்கச் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இடம் விடுகிறது. அதற்குத்தான் பேரம் பேசியபோது காட்டிய பிளான், அட்வான்ஸ் ரசீது, வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் செய்தி எதையும் எறியக்கூடாது.

உடன்படிக்கை சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதென்றால், கையெழுத்துக்கு முன்பே உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நொத்தாரிசின் கடமை. கேட்பது அவமரியாதை ஆகாது. நொத்தாரிசு விதியொன்றைத் தவறவிட்டார் என்பதற்காக மட்டும் உறுதி செல்லாமல் போவதில்லை என்று சட்டம் சொல்வதால், பிறகு வாசிக்கவில்லை என்று முறையிட்டால் அவர்மேல் நடவடிக்கை வரலாம், உங்கள் பிழை அப்படியே இருக்கும்.

எழுத்து மூல உடன்படிக்கையை மீறியதற்காக வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் ஆறு வருடம் தருகிறது. அது மீறல் நடந்த நாளிலிருந்து எண்ணப்படும். "அடுத்த தைக்குப் பிறகு எழுதித் தருகிறேன்" என்ற வாய்வார்த்தைகளில் அந்த ஆறு வருடமும் கரைந்துபோன குடும்பங்கள் உண்டு. லோயருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. உடன்படிக்கை, பிளான், ரசீதுகள், அடையாள அட்டை, காணிப் பதிவகப் பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.