ஆங்கிலம் அறிவோம்: ‘வென்’ எங்கே, ‘விச்’ எங்கே?

மாணவர்களே, ‘நாங்கள் சந்தித்த நாள்’, ‘நாங்கள் மறந்த நாள்’ ஆகிய இரண்டும் தமிழில் ஒரே அமைப்புடையவை. பெயரெச்சம் வேறுபாடு காட்டுவதில்லை, ஆங்கிலமோ காட்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

சந்தித்தது அந்நாளில், ஆகவே ‘த டே வென் வீ மெற்’. மறந்தது அந்நாளை, ஆகவே ‘த டே விச் வீ ஃபோகொற்’.

‘வென்’ வருமிடத்தில் நாளுக்கு ‘ஒன் விச்’, ஆண்டுக்கு ‘இன் விச்’, மணிக்கு ‘அற் விச்’ எனவும் எழுதலாம். இலங்கை சுதந்திரமடைந்தது 1948இல்: ‘த இயர் இன் விச்’. திகதி பெப்ரவரி 4: ‘த டே ஒன் விச்’. ஆனால் ‘ஒன் வென்’ என்பது பிழை.

ஐயம் எழுந்தால் விரித்துப் பாருங்கள்: ‘அந்நாளில்’ என வந்தால் ‘வென்’, ‘அந்நாள்’, ‘அந்நாளை’ என வந்தால் ‘விச்’.

பயிற்சி: நான் பிறந்த நாள், நான் விரும்பும் நாள்.