சாய்ஸ் பட்டியலில் இருக்கிறது சூட்சுமம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூலை மாத மாலை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரௌசிங் சென்டரில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் பதிய அன்றுதான் கடைசி நாள். சென்டர்காரர் டைப் செய்ய, பக்கத்தில் நின்ற அப்பா, ஊருக்கு காலேஜ் பஸ் வரும் கல்லூரிகளாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாயில் வந்த வரிசையிலேயே பதினோரு கல்லூரிகள் பட்டியலில் ஏறின. ஒதுக்கீடு வந்தபோது, முதலில் இருந்த கல்லூரியே அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரி பட்டியலில் நான்காவதாக இருந்தது. அவளைவிட ரேங்கில் பின்தங்கிய, அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த வகுப்புத் தோழிக்கு அந்த இடம் போனது.

மார்க் குறையவில்லை. விதி மீறல் எதுவும் நடக்கவில்லை. பட்டியலின் வரிசை மட்டும் தவறு. பன்னிரண்டு வருடம் படித்து வாங்கிய மார்க்கை ஒரு மாலை நேர அவசரம் வீணடித்தது.

ரிசல்ட் வந்துவிட்டால் மார்க்கை மாற்ற முடியாது. ரேங்க்கும் உங்கள் கையில் இல்லை. எங்கே விண்ணப்பிக்கிறீர்கள், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள், எந்த வரிசையில் கேட்கிறீர்கள் என்ற மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. முதலாம் ஆண்டு சேரப்போகும் ஒவ்வொருவரும் இந்த மூன்றிலும் கவனம் வைக்க வேண்டும்.

முதலில் சான்றிதழ்

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்கள்தான் சான்றிதழ் வாங்கச் சரியான நேரம். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். வருவாய்த் துறையில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை பெரும்பாலும் எல்லோருக்கும் தேவைப்படுபவை. கல்வி உதவித்தொகை கேட்பவர்களுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். வெளிமாநிலத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, பெயரையும் இனிஷியலையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறு என்று வருவது நம் ஊரில் சகஜம். சரிபார்ப்பு நாளில் இதற்காகவே திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கிறது. இப்போது கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண்ணும் இமெயிலும் உங்களுடையதாகவோ உங்கள் வீட்டாருடையதாகவோ இருக்க வேண்டும். சென்டர்காரர் உதவும் எண்ணத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். ஓ.டி.பி. அவருக்குப் போகும். ஒதுக்கீட்டுச் செய்தியும் அவருக்கே போகும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரே கதவைத் தட்டாதீர்கள்

பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கலந்தாய்வு முடிந்து நினைத்த பாடம் கிடைக்காதபோது, கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருக்கும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50 ரூபாய்தான். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் கட்டினால் போதும். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணையும் வைத்தே தரவரிசை போடுகிறார்கள். மற்ற பாடங்களுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக, நான்கு பாடங்களில் 400-க்கு எடுத்த மதிப்பெண் கணக்கு. மொத்த மார்க் குறைந்தாலும் தமிழில் 95 எடுத்த மாணவருக்குத் தமிழ்த் துறையின் கதவு திறந்திருக்கிறது என்று இதற்குப் பொருள்.

உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் தேர்வு நடக்கிறது. அதற்குப் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே பதிய வேண்டியிருக்கும் என்பதால் பிளஸ் டூ தொடங்கும்போதே ஒரு கண் வைத்திருங்கள்.

கட்-ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007-ல் ரத்தானது. அதிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 87, வேதியியலில் 81 என்றால் 92, 43.5, 40.5 என்று கூட்டி கட்-ஆஃப் 176 வரும்.

ஒரே கட்-ஆஃப் பலருக்கு இருந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், பிறகு விருப்பப் பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண் வரும். ரேண்டம் எண் சின்னதாக விழுந்துவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது கணக்கிலேயே வராது.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொது ரேங்க், பிரிவு ரேங்க் இரண்டையும் குறித்து வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் இழப்பு பெரிது.

வரிசை எப்படி வேலை செய்கிறது?

கணினி முதல் ரேங்க் மாணவரின் பட்டியலை மேலிருந்து படிக்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்குக்குப் போகும். உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலையும் அதேபோல் மேலிருந்து படிக்கும். எந்த இடம் முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எதையும் அது பார்க்காது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். “கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால், கிடைக்கிற கல்லூரியும் கை நழுவிடுமா சார்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நழுவாது. உங்கள் பிரிவில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அந்தக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும், உங்கள் முறை முடிந்த பிறகுதான் அவர் முறை வரும். ஆகவே ஆசைப்படுவதை மேலே போடத் தயங்காதீர்கள்.

176 கட்-ஆஃப் மாணவி ஒருவர் பட்டியல் போடுவதாக வைத்துக்கொள்வோம். கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, சாதிப் பிரிவு வாரியாகக் கடந்த ஆண்டின் கடைசி கட்-ஆஃப் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் மூன்று அடுக்காக எழுத வேண்டும். தன் பிரிவில் 177 முதல் 185 வரை முடிந்தவை மேல் அடுக்கு. 170 முதல் 176 வரை முடிந்தவை நடு அடுக்கு. 170-க்குக் கீழே முடிந்தவை அடி அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மனதுக்குப் பிடித்த வரிசை. அடி அடுக்கில் உள்ள ஒரு கல்லூரிதான் உண்மையில் மிகவும் பிடித்தது என்றால் அதைத் தயங்காமல் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோகலாம். கட்-ஆஃப் அதிகம் என்பதற்காக ஒரு கல்லூரி உங்களுக்கு ஏற்றதாகிவிடாது.

பத்துப் பதினைந்தோடு நிறுத்தாதீர்கள். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் பதியலாம். ஆண்டுக்கு ஆண்டு கட்-ஆஃப் ஏறி இறங்கும் என்பதால் அடி அடுக்கு நீளமாக இருக்கட்டும். அதே சமயம், கிடைத்தால் சேர மாட்டேன் என்று நினைக்கும் கல்லூரியை எங்கேயும் எழுதாதீர்கள்.

சாய்ஸ் பதியச் சில நாட்கள்தான் தருவார்கள். கடைசி மாலைக்குக் காத்திருக்காமல் முதல் நாளே பதிந்துவிட்டு, மிச்ச நாட்களில் வரிசையைச் சரிபாருங்கள். பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில், ஒரே குழுமத்தில், பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் பல கல்லூரிகள் இருக்கின்றன.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய வேண்டும். கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே எழுதியவற்றுக்கும் காத்திருக்கலாம். இதை அப்வேர்டு என்கிறார்கள். அப்வேர்டு கேட்பவர்கள் கலந்தாய்வுச் சேவை மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. கிடைத்ததைவிட மேலே எழுதியிருப்பது நிஜமாகவே பிடித்ததா என்று ஒருமுறை யோசித்துவிட்டு அப்வேர்டு கொடுங்கள். எதையும் உறுதி செய்யாமல் நாளைக் கடத்தினால் கிடைத்த இடமும் போய்விடும்.

கல்லூரியை நேரில் பாருங்கள்

கல்லூரி விளம்பரத்தில் வருவது அதிகபட்சச் சம்பளம் வாங்கிய ஒரு மாணவரின் படம். நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் பாடப்பிரிவில் கடந்த ஆண்டு படித்து முடித்த அத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்பது. நாக் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தருவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வேலை நாளில் ஒருமுறை போய்வாருங்கள். ஆய்வகத்தில் கருவிகள் மேல் உறை போட்டு மூடியிருக்கிறதா, மாணவர்கள் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். கல்லூரிக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், “அண்ணா, கிளாஸ் ஒழுங்கா நடக்குதா?” என்று கேளுங்கள். கையேட்டில் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும். பஸ், விடுதி, மெஸ், சீருடை, பயிற்சிக் கட்டணம் என்று தனியாக வாங்குவதை எல்லாம் எழுதிக் கூட்டி, நான்கு வருடச் செலவைப் போட்டுப் பாருங்கள்.

பணமும் ஒரிஜினலும்

முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்கே அது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் சேர்ந்திருக்கிறார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் கல்லூரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

“இப்பவே ஒரிஜினலைக் கொடுங்க, சீட் பிளாக் பண்ணிடறேன்” என்று வரும் ஏஜென்டிடம் ஒரு காகிதத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரி ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவாகக் கொஞ்சம் மட்டும் பிடிக்கலாம். நாள் தள்ளத் தள்ளத் திரும்ப வரும் தொகை குறையும். ஆகவே வேறு கல்லூரி கிடைத்த அன்றே விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பஸ் வசதி, பாதுகாப்பு, செலவு பற்றிய உங்கள் கவலைகள் நியாயமானவை. அவற்றைச் சாய்ஸ் பதியும் மாலையில் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். நோட்டில் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும்.

சந்தேகம் வந்தால் பக்கத்திலுள்ள கலந்தாய்வுச் சேவை மையத்துக்குப் போங்கள், அல்லது அரசின் கல்வி வழிகாட்டி எண் 14417-க்கு இலவசமாக அழைத்துக் கேளுங்கள். சாய்ஸ் பட்டியலை மட்டும் வேறு யாரையும் போட விடாதீர்கள். அந்தக் கல்லூரியில் நான்கு வருடம் படிக்கப்போவது நீங்கள்.