இயக்குதளம் மாறிய நகரம்

விலைகொடுத்து வாங்கிய கணிப்பொறி முழுமையாக நமக்கே உரியது என்று பலரும் எண்ணுகின்றனர். மேசை, நாற்காலி முதலிய பொருள்களுக்கு இவ்வெண்ணம் பொருந்தும்; கணிப்பொறிக்குப் பாதியளவே பொருந்தும். கண்ணால் காணும் பெட்டியும் திரையும் வாங்கியவருக்குச் சொந்தம். அப்பெட்டியை இயக்கும் மென்பொருளோ பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்திக்கொள்ள உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தி, ஒரு பெருநகரத்தின் ஆட்சி அலுவலகங்கள் அனைத்தையும் வேறோர் இயக்குதளத்திற்கு மாற்ற முனைந்தது ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி. அம்முயற்சி வென்றதா தோற்றதா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. அதன் வரலாற்றை ஆராய்வதும், ஆவணங்களைக் காத்துவரும் நம் போன்ற நிறுவனங்களுக்கு அதனால் விளங்குவது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்குதளமும் உரிமையும்

விசைப்பலகையில் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டுசெல்வதும், கோப்பை வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் இயக்குதளத்தின் பணிகள். பல கணிப்பொறிகள் வலையமைப்பால் இணைக்கப்பட்ட அலுவலகத்தில் இப்பணி மேலும் விரிகிறது. யார் உள்ளே நுழையலாம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், எவருடைய கடிதம் எந்த அறையில் அச்சாக வேண்டும் என்பனவெல்லாம் இயக்குதளத்தையும் அதனோடு இணைந்த வழங்கிகளையும் சார்ந்தே நிகழ்கின்றன. ஆகவே இதனை மாற்றுதல் ஒரு கருவியை எடுத்து மற்றொன்றை வைக்கும் செயலன்று; வீட்டில் குடியிருந்துகொண்டே அடித்தளத்தை மாற்றிக் கட்டுவது போன்றதாகும்.

லினக்ஸ் என்னும் கருவகத்தை 1991-ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து அது முழுமையான இயக்குதளமாயிற்று. இதன் மூலநிரல் மறைக்கப்படுவதில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் அளிக்கலாம். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் இதன் தன்மையை விளக்க அம்மொழியார் பெரிதும் இடர்ப்படுகின்றனர். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. இவ்வகையில் நம் மொழி நமக்கு ஒரு விளக்கவுரையை மிச்சப்படுத்தியுள்ளது எனலாம். எனினும் நம் அலுவலகங்களில் இம்மென்பொருளைப் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்வி 'இலவசமா?' என்பதாகவே இருக்கிறது.

மியூனிக் எடுத்த முடிவு

2003-ஆம் ஆண்டளவில் மியூனிக் மாநகராட்சியில் ஏறத்தாழ 14,000 கணிப்பொறிகள் இருந்தன. அவற்றில் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்கிவந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொள்ளவிருந்த நிலையில், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஒன்றை மாநகராட்சி கைவிட வேண்டியதாயிற்று. எப்போது மாறுவது என்பதைப் பயன்படுத்துவோர் தீர்மானிக்க இயலாது, விற்பவரே தீர்மானிப்பார் என்ற நிலை மன்ற உறுப்பினர்களைச் சிந்திக்கவைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்தி மேயர் கிறிஸ்டியன் ஊடேவை நேரில் சந்தித்தார். விலையும் குறைக்கப்பட்டது. இருப்பினும் 2003 மே 28 அன்று மாமன்றம் லினக்ஸுக்கு மாறுவதென முடிவெடுத்தது.

இம்முடிவு செலவை மட்டும் கருதி எடுக்கப்பட்டதன்று என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்திராத நிலையே மாமன்றத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது. திட்டத்திற்கு லினக்ஸ், மியூனிக் என்னும் இரு பெயர்களையும் இணைத்து 'லிமக்ஸ்' எனப் பெயரிட்டனர். 2004-இல் மென்பொருள் காப்புரிமை பற்றிய ஐயத்தால் பணி சிறிது தடைப்பட்டது. 2006-இன் பிற்பகுதியில்தான் முதற் கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. தொடக்கத்தில் டெபியன், பின்னர் உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளை அடிப்படையாகக் கொண்டு மாநகராட்சி தனக்கென ஒரு தொகுப்பை உருவாக்கிக்கொண்டது.

முடிவுக்கும் முதற் கணிப்பொறிக்கும் இடையே மூன்றாண்டுகள் சென்றதேன்? விடை கணிப்பொறியில் இல்லை, ஆவணங்களில் இருந்தது.

படிவங்களின் காடு

மாநகராட்சியின் இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணிப்பொறிக் குழுவை வைத்திருந்தன. ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி அமைப்புகளைச் செய்திருந்தது. கடிதத் தலைப்பு, அறிவிப்பு, சான்றிதழ், விண்ணப்பம் எனப் பிரிவுதோறும் படிவங்கள் பெருகியிருந்தன. அவற்றுள் பலவற்றில் தாமாக இயங்கும் 'மேக்ரோ' என்னும் சிறு நிரல்கள் பொதிந்திருந்தன. பெயரைத் தேர்ந்தெடுத்தால் முகவரி தானே வந்து அமர்வதும், தொகையை இட்டால் வரி கணக்கிடப்படுவதும் அவற்றின் வேலை. எழுதியவர் ஓய்வுபெற்றிருக்கலாம், எப்படி எழுதினார் என்பதற்குக் குறிப்பும் இராது, படிவம் மட்டும் நாள்தோறும் பயன்பட்டுக்கொண்டிருக்கும். இத்தகைய படிவங்களும் மேக்ரோக்களும் ஏறத்தாழ 20,000 இருந்தமை கணக்கெடுத்தபோது புலனாயிற்று.

அவை அனைத்தும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்காக ஆக்கப்பட்டவை. ஓப்பன் ஆபீஸ் அவற்றைத் திறந்து காட்டினாலும் உள்ளிருந்த நிரல்கள் பழையபடி இயங்கவில்லை. ஒவ்வொன்றையும் அப்படியே பெயர்த்தெழுதுவது வீண்வேலை என உணர்ந்த திட்டக்குழுவினர் வேறு வழியை நாடினர். பல பிரிவுகளும் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க படிவங்களை ஒன்றுசேர்த்துத் தேவையற்றவற்றை நீக்கினர். எஞ்சியவற்றை நிருவகிக்க 'வோல்மக்ஸ்' என்னும் மென்பொருளைத் தாமே எழுதினர். அலுவலரின் பெயர், அறை எண், தொலைபேசி எண் முதலியவற்றை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கடிதங்களிலும் தானாக நிரப்புவது அதன் பணி. 2008-இல் அதனைக் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கே வழங்கினர். ஒரு மாநகராட்சி அலுவலகம் தன் தேவைக்கு எழுதிக்கொண்ட கருவியைப் பொதுச்சொத்தாக்கியது இவ்வரலாற்றில் நம் நெஞ்சைக் கவரும் பகுதியாகும்.

சிறப்புப் பணிகளுக்கான மென்பொருள்கள் வேறொரு சிக்கலைத் தந்தன. வரி, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி போன்ற பணிகளுக்கு வெளியார் எழுதிய நிரல்கள் பல விண்டோஸில் மட்டுமே இயங்கின. இயன்றவற்றை உலாவி வழியே இயங்குமாறு மாற்றினர். இயலாதவற்றுக்குச் சில கணிப்பொறிகளில் விண்டோஸையே விட்டுவைத்தனர். 2013-இன் இறுதியில் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டுத் திட்டம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. முதலில் எண்ணிய காலத்தைவிட இது பல ஆண்டுகள் மிகுதி. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று என மாநகராட்சி 2012-இல் கணக்குக் காட்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் பொருட்டு ஹெச்.பி. நிறுவனம் செய்த ஆய்வு அதனை மறுத்தது.

மீண்டும் ஒரு மாற்றம்

2014-இல் ஊடே பதவியிலிருந்து விலக, டீட்டர் ரைட்டர் மேயரானார். அலுவலர்களின் குறைகள் செய்திகளாயின. வெளியிலிருந்து வரும் கோப்புகள் உருக்குலைந்து தெரிகின்றன, பணிகள் தாமதமாகின்றன என்பன அவற்றுட் சில. மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மானியத் தலைமையகத்தை 2016-இல் மியூனிக் நகருக்குள்ளேயே மாற்றியதை இம்மனமாற்றத்தோடு தொடர்புபடுத்திப் பேசியவர்கள் உண்டு. மாநகராட்சி அத்தொடர்பை ஏற்கவில்லை. காலவரிசையை மட்டும் கொண்டு காரணம் கற்பிப்பது ஆய்வு நெறியன்று என்பதால் அதனை இவ்வளவில் விடுகிறோம்.

அக்சென்சர் நிறுவனம் 2016-இல் அளித்த ஆய்வறிக்கையே நம் கவனத்திற்குரியது. அவ்வறிக்கை முதன்மையான குறையாகச் சுட்டியது இயக்குதளத்தை அன்று. கணிப்பொறித் துறையின் ஆட்சியமைப்பையே சுட்டியது. பொறுப்புகள் சிதறிக்கிடந்தன, முடிவெடுப்போர் யார், செயற்படுத்துவோர் யார் என்பது தெளிவாக இல்லை. அலுவலரைப் பொறுத்தவரை அச்சுப்பொறி இயங்காவிட்டாலும், கைப்பேசி இணையாவிட்டாலும் பழி லினக்ஸின் தலையில்தான் விழுந்தது. புதிதாக வந்த மருமகள்மேல் வீட்டின் எல்லாக் குறைகளையும் ஏற்றுவது போன்றது இது. எனினும் 2017 நவம்பரில் மாமன்றம் விண்டோஸ் 10-க்குத் திரும்புவதென முடிவுசெய்து ஏறத்தாழ 5 கோடி யூரோ செலவாகும் எனக் கணக்கிட்டது. 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்த விண்டோஸ் 10-க்காக அவ்வளவு பொருள் ஒதுக்கப்பட்டதோ, அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. 2003-இல் விண்டோஸ் என்.டி. பொருட்டு எழுந்த அதே கேள்வி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தது.

பிரான்சு நாட்டின் ஜாந்தார்மரி என்னும் காவற்படை வேறு முறையைக் கையாண்டது. அப்படையினர் 2005-இல் விண்டோஸை மாற்றாமலே ஓப்பன் ஆபீஸுக்கு மட்டும் மாறினர். அடுத்து உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றினர். அன்றாடம் கைபடும் மென்பொருள்கள் பழகிய பின்னரே, 2008 முதல், அடியிலிருந்த விண்டோஸை எடுத்து உபுண்டுவை வைத்தனர். அதற்குள் திரையில் காண்பவை பெரிதும் மாறாதிருந்தன. ஒரே தலைமையின் கீழ் இயங்கும் படை என்பதும் அவர்களுக்குத் துணைசெய்தது. அங்கே திரும்பிச் செல்லும் பேச்சு எழவில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசும் 2024-இல் ஏறத்தாழ 30,000 பணியிடங்களுக்கு மாற்றத்தை அறிவித்தபோது லிப்ரே ஆபீஸையே முதற்படியாக வைத்தது. ஆவணத்தை முதலில் விடுவித்து இயக்குதளத்தைப் பின்னர் மாற்றுவதே தக்க வரிசை என்பது எம் துணிபு.

நம் கோப்புகளின் நிலை

ஆவணத்தின் சிறை எத்தகையது என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990-களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளுள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துருவில் 'அம்மா' எனத் தட்டினால், கோப்பினுள் பதிவது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு கோவையே பதிகிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் போர்வை விலகிவிடும். தேடினாலும் அகப்படாது, அகரவரிசைப்படுத்தவும் இயலாது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும், 2010-இல்தான் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஆய்வேடுகள், எத்தனை மலர்கள் இந்நிலையில் முடங்கின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மியூனிக்கின் மேக்ரோக்களும் நம் எழுத்துருக்களும் ஒரே வகைப் பூட்டின் இரு வடிவங்கள்.

ஆகவே லினக்ஸுக்கு மாற எண்ணும் கல்லூரி அலுவலகம் முதலில் கணிப்பொறிகளை எண்ண வேண்டா, கோப்புகளை எண்ணட்டும். மாற்றுச் சான்றிதழ் எந்த மென்பொருளில் அச்சாகிறது? கட்டணக் கணக்கை எழுதியவர் யார்? பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் பட்டியல் எவ்வடிவில் கேட்கப்படுகிறது? பழைய தமிழ்க் கோப்புகள் எந்த எழுத்துருவில் உள்ளன? இவற்றுக்கு விடை கண்டு, தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கும், பிறவற்றை 2006 முதல் பன்னாட்டுத் தரமாக விளங்கும் திறந்த ஆவண வடிவத்திற்கும் மாற்றிவைத்தால் பெரும்பணி முடிந்துவிடும். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித்தரும் நிரல்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். ஒகர, ஓகார உயிர்மெய்களிலும் கிரந்த எழுத்துகளிலும் பிழை நேர்வதுண்டு. இம்மெய்ப்புப் பணியைத் தமிழ்த்துறை மாணவர்கள் ஏற்கலாம். ஆண்டு மலர்களின் கோப்புகளிலிருந்தே தொடங்கலாம்.