சட்டனூகாவில் வீடு தேடுவோர்க்கு

"அங்கே என்னப்பா இருக்கு?" டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அட்லாண்டா நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இது. அமெரிக்கத் தென்பகுதியின் சின்ன ஊர் எதற்குப் போனாலும் நம்மவர்கள் இதைத்தான் கேட்பார்கள். 2020 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகை 1,81,099. இங்கே குடும்பத்தோடு வாழ்ந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி டென்னசி ஆற்றங்கரையில் இருக்கிறது. நம்மவர்கள் குடியேறுவதோ அங்கிருந்து காரில் இருபது நிமிடம் தள்ளி.

காரணம் எளிது. ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை 2011-இல் உற்பத்தியைத் தொடங்கியது ஊரின் வடகிழக்கில். ஹாமில்டன் பிளேஸ் மாலும் புதிய அடுக்குமாடிகளும் கிழக்கே. புதிதாக வருகிறவர் அலுவலகத்துக்குப் பக்கம், கடைக்குப் பக்கம், நீச்சல் குளம் உண்டு என்று பார்த்து ஈஸ்ட் பிரெய்னர்ட் பக்கம் ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். வீடு நன்றாகத்தான் இருக்கும். வாசலைத் தாண்டினால்தான் சிக்கல். நடைபாதை நூறு அடி போய், காரணமே இல்லாமல் புல்லில் முடிந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இங்க நடக்கிறதுக்கே கார்லதான் போகணுமா?"

அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சிக்கமோகா அணையிலிருந்து லுக்கவுட் மலையடிவாரம் வரை, சுமார் 16 மைலுக்கு, ரிவர்வாக் என்ற நடைபாதை ஆற்றோடு வளைந்து போகிறது. கட்டணம் இல்லை, உட்கார பெஞ்சு உண்டு. நகர மையத்தில் 1992-இல் தொடங்கிய இலவச மின்சாரப் பேருந்து இருக்கிறது. அக்கரையில் கூலிட்ஜ் பூங்கா. பேரப்பிள்ளைகளுக்கு அங்கே பழைய மரக்குதிரை ராட்டினம். முதல் வருடமாவது இவற்றுக்குப் பக்கமான நார்த் சட்டனூகாவிலோ செயின்ட் எல்மோவிலோ வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று நான் இப்போதெல்லாம் சொல்வது இதனால்தான். வீடு பழசாக, சின்னதாக இருக்கும். வாடகையும் ஏறிக்கொண்டேதான் போகிறது. வீட்டில் வயதானவர்கள் வந்து தங்குவார்கள் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

இந்த வசதிகள் தானாக வந்தவை அல்ல. 1969-இல் நாட்டிலேயே மோசமான காற்று இந்த ஊரில்தான் என்று மத்திய அரசு சொன்னது. சுற்றிலும் மலை, நடுவே வார்ப்பாலைகள், புகை வெளியே போக வழியில்லை. பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டு வண்டி ஓட்டிய கதையை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு ஆலைகள் மூடின, வேலை போனது. 1984-இல் 'விஷன் 2000' என்று பொதுமக்களைக் கூட்டி, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் 1,700 பேர் கலந்துகொண்டு 40 இலக்குகளைப் பட்டியலிட்டார்கள். 1992-இல் திறந்த மீன்காட்சியகமும் ஆற்றங்கரை மீட்பும் அந்தக் காலத்து முயற்சிகளின் விளைவு. வால்நட் தெருப் பாலம் பாதுகாப்பில்லை என்று 1978-இல் மூடப்பட்டு இடிபட இருந்தது. ஊர்க்காரர்கள் பெயர்ப்பலகை வாங்கிப் பணம் போட்டார்கள். 1993-இல் அது நடப்பவர்களுக்கான பாலமாகத் திறந்தது. குனிந்து பார்த்தால் கொடுத்தவர்கள் பெயர்களைப் படிக்கலாம்.

அதே பாலத்தின் தென்முனையில் கொஞ்சம் நில்லுங்கள். 1906 மார்ச் 19 அன்று எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை, உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்தபோதே, சிறையிலிருந்து இழுத்துவந்து இந்தப் பாலத்தில் தூக்கிலிட்டது ஒரு கும்பல். காவல் பொறுப்பில் இருந்த ஷெரிஃபை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரித்து, 1909-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றது. ஜான்சன் மீதான தீர்ப்பு 2000-இல்தான் ரத்தானது. நினைவிடம் வர 2021 ஆயிற்று. ஊரின் மிக அழகான இடம் என்று நாம் படமெடுத்து அனுப்பும் பாலத்தில் கால் வைக்கவே மாட்டோம் என்று இருந்த கறுப்பினக் குடும்பங்கள் உண்டு. ஒரு வசதி யாருக்கு வசதி என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் பிடித்தது. சுற்றுலாக் கையேட்டில் அது கிடைக்காது.

இணையத்துக்கு வருகிறேன். நம்மூர் மின்வாரியம் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை இணைப்புக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இங்கே அதுதான் நடக்கிறது. ஊருக்குச் சொந்தமான இ.பி.பி. மின் நிறுவனம் 2010-இலேயே தன் பகுதி முழுவதும் ஒரு கிகாபிட் இணையம் கொடுத்தது. மின்கம்பிகளில் தானியங்கி சுவிட்சுகளை வைத்து நிர்வகிக்கப் போட்ட வலையமைப்பு அது. மத்திய அரசின் ஊக்க நிதி சுமார் 11 கோடி டாலர் அதற்கு உதவியது. புயலில் ஒரு தெருவில் மரம் விழுந்தால் பக்கத்துத் தெரு சில நொடி இருட்டுக்குப் பின் தானே எரிவதைப் பார்த்திருக்கிறேன். ஏழைப் பிள்ளைகளின் வீடுகளுக்கு 2020 முதல் இலவச இணைப்பும் உண்டு. ஆனால் மாநிலச் சட்டப்படி தன் மின்சாரம் போகும் எல்லையைத் தாண்டி இ.பி.பி. இணையம் விற்க முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் முகவரி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

நகர மைய நூலகத்தின் நாலாவது மாடியைத் தவறவிடாதீர்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் இயந்திரம், நெசவுத் தறி எல்லாம் இருக்கிறது; நூலக அட்டையோடு போய்ப் பழகலாம். புத்தகம் எடுக்கப் போகும் பழக்கம் விட்டுப்போனவர்கள்கூட அங்கே மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, அதற்குப் பதில் விற்பனை வரி 9.25 சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியாவில் வீடு மலிவு என்று ஆசைப்பட்டால், அங்கே குடியிருப்பவர் சம்பளத்துக்கு ஜார்ஜியா வரி கேட்கும். கணக்குப் போட்டுவிட்டு நகருங்கள்.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் ரயில் 1971-இலேயே நின்றது. பழைய நிலையம் ஒன்று இன்று தங்கும் விடுதி. அம்மா அப்பாவை அழைத்துவர அட்லாண்டா விமான நிலையம் போகத்தான் வேண்டும், இரண்டு மணி நேரம். பெருமாள் கோயில் அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேலில். பிள்ளையார் கோயில் நாஷ்வில்லில். நாஷ்வில் நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதால் காலை அபிஷேகத்துக்கு நிதானமாகக் கிளம்பலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி போய்விடும். வழியில் மான்டீகிள் மலை இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக வாருங்கள். தொல்லைகளும் உண்டு. வசந்த காலத்தில் பைன் மகரந்தம் கார் முழுக்க மஞ்சளாகப் படியும். மூச்சுத் தொல்லை இருப்பவர் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. சூறாவளியும் வரும்: 2020 ஏப்ரலில் ஈஸ்டர் இரவு வந்தது கிழக்குப் பகுதியைத்தான் அடித்தது.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கார் இல்லாமல் எங்கே நடந்து போகலாம்? இ.பி.பி. இணைப்பு உண்டா? சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஒதுங்க ஜன்னலில்லாத அறை எது? பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள். நீச்சல் குளத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.